பின்கதவோரத்து இரண்டு செடிகள்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

இது உன் கைக்கு வரும்போது இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். நாள் முழுக்கப் புகையிலைக் கிடங்கின் இலைத் தூசியில் நிற்கிறவனுக்கு இருமல் எங்கே விடப்போகிறது என்றும் தோன்றுகிறது. இங்கே எனக்கு முழங்கால் வலி. சலவைக் கடையில் நின்றபடியே இஸ்திரி போடுகிற எல்லோருக்கும் வருவதுதான். உன் அத்தானின் வலது கை அப்படியேதான் இருக்கிறது. மூன்று விரலும் உள்ளங்கைக்குள் மடங்கியது மடங்கியதுதான், இனி நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மரக்கடையில் காவலாள் வேலை கிடைத்திருக்கிறது. மெத்தை தைத்த கை இப்போது கேட்டைத் திறந்து மூடுகிறது.

ஒன்று கேட்க வேண்டும், சிரிக்காதே. புகையிலை விதை வேண்டும். சமையலறைச் சுவருக்கும் கொல்லைப் பின்கதவுக்கும் நடுவில் இரண்டு கட்டில் போடுகிற அளவு மண் இருக்கிறதே, அங்கே தக்காளி வைத்தேன். அசுவினிப் பூச்சி வந்து அப்பிக்கொண்டது. புகையிலை ஊறிய தண்ணீரைத் தெளித்தால் பூச்சி போய்விடும் என்று சலவைக் கடைக்காரம்மா சொன்னார். கடையில் போய்ப் புகையிலை கேட்டு நிற்க என்னால் முடியாது. தெருவில் பேச்சாகும், பேச்சு உன் அத்தான் காதுக்குப் போகும். எங்கள் மெத்தைக் கடை எரிந்து பதினான்கு மாதமாகியும் தீப்பெட்டியைக்கூட அவர் கண்ணில் படாமல்தான் வைக்கிறேன். நாமே நாலு செடி வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அவரிடம் பூச்செடி என்று சொல்லிக்கொள்கிறேன். என்னென்ன வகை உண்டு, சின்ன இடத்துக்கு எது ஆகும் என்று விவரமாக எழுது. பூச்சிக்குத்தான்.

சுண்டு வீட்டை விட்டுப் போய்ப் பதின்மூன்று மாதம். என் மகன் பேச்சை இந்த வீட்டில் எடுப்பதில்லை, கடிதத்தில்தான் எடுக்கிறேன். உனக்கு ஏதாவது தகவல் வந்ததா?

உன் அக்கா.

பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் என்னோடு குடித்தனம் நடத்துகிறது, அதை விடு. முழங்காலுக்கு ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து இஸ்திரி போட முடியாதா? கடைக்காரம்மாவிடம் கேள். நீ கேட்கமாட்டாய், தெரியும்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அத்தான் வீட்டில் புகையிலைச் செடி. சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷமாக இலை பார்க்கிறவனிடம் இலையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய், அதற்குப் பதில் சொல்கிறேன்.

ஊரெல்லாம் நூறு வகை சொல்வார்கள். உன் இடத்துக்கு மூன்றைப் பற்றித் தெரிந்தால் போதும். எங்கள் கிடங்கில் நாங்கள் கூப்பிடுகிற பேரையே சொல்கிறேன். ‘கட்டை’ என்பது இடுப்புயரம் கூட வராது. இலை தடிமனாக, உருண்டையாக, பிசுபிசுவென்று இருக்கும். காரம் என்றால் அப்படியொரு காரம், ஊறின தண்ணீரை முகர்ந்தாலே தலை சுற்றும். பூச்சிக்கு அதை மிஞ்சியது இல்லை. ‘நெட்டை’ ஆளுயரம் போகும். இலை நீளமாக, மெல்லிசாக, காய்ந்தால் மஞ்சளாகும். காரம் குறைவு, தாளில் சுருட்டிப் பிடிக்கிறவர்கள் விரும்புவது அதைத்தான். மூன்றாவது ‘வெள்ளைப்பூ’. அதன் இலை எதற்கும் ஆகாது, பொழுது சாயும்போது பூ மணக்கும், அவ்வளவுதான். பார்க்க அழகு, வேலைக்கு உதவாது, என்னைப் போல.

பூச்சிக்கு என்கிறாய், அதனால் கட்டை விதை வைத்திருக்கிறேன். ஒரு சிட்டிகைதான், ஆனால் ஆயிரம் விதைக்கு மேல் இருக்கும். பாத்தியில் தூவி விடு, மேலே மண் போடாதே, வெளிச்சம் படாவிட்டால் முளைக்காது. முக்கியமானது ஒன்று. செடியைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவு. புகை பிடிக்கிறவர்களைக் கிட்டே விடாதே. அவர்கள் விரலில் ஒட்டியிருக்கிற தூளிலிருந்து செடிக்குத் தேமல் நோய் வரும். வந்தால் மருந்து கிடையாது. உன் வீட்டில் அந்தப் பயம் இல்லை.

இங்கே என் அறையில் கூட ஒருவன் தங்கியிருப்பதால் சமையல் கவலை விட்டது. உப்புப் போட மறந்துவிடுவான், அதுதான் குறை.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி.

மார்ச் 5

அன்புத் தம்பிக்கு,

விதை வந்தது. தூசி என்று ஊதிவிடப் பார்த்தேன். முக்காலி கேட்கவில்லை. நீ சொன்னது சரிதான்.

கட்டை வேண்டாம். தக்காளிக்கு அவ்வளவு காரம் ஆகாது என்று நினைக்கிறேன். நெட்டை விதை அனுப்பு. உயரமாக வளர்ந்தால் பின்பக்கத்துக்கு ஒரு மறைப்பாகவும் இருக்கும். இலை மஞ்சளாகக் காயும் என்றாயே, எத்தனை நாளில் காயும்? எப்படிக் கட்டித் தொங்கவிட வேண்டும்? ஒரு சின்னத் தகர டப்பா நிறைய எத்தனை செடி வேண்டும்?

நான் கேட்ட ஒன்றுக்கு நீ பதில் எழுதவில்லை. எழுதும் வேகத்தில் மறந்திருப்பாய்.

உன் அத்தான் இன்றைக்கு ஒரு வார்த்தை பேசினார். "தண்ணி சூடாருக்கு" என்றார். நேற்று அதுவும் இல்லை.

உன் அக்கா.

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சௌகரியமாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எப்போதும் நினைப்பு.

தக்காளிச் செடிக்குக் காரம் ஆகாது என்று நீ சொல்லித்தான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறேன். பூச்சிக்கு மருந்து வைக்கிறவர்கள் டப்பாக் கணக்குக் கேட்பதும் புதுசு. அக்கா, யாருக்காக வைக்கிறாய்? சொல்ல வேண்டாம் என்றால் சொல்லாதே, இன்னொரு தடவை கேட்கமாட்டேன்.

நெட்டை விதை இதோடு இருக்கிறது. நான் அளந்தேன், கூட இருக்கிறவன் மடித்துத் தந்தான். என் மடிப்பில் விதை எப்போதும் ஒழுகிவிடும். நாற்று உள்ளங்கை அகலம் வந்ததும் பிடுங்கி நடு. இரண்டடிக்கு ஒன்று, உன் இடத்தில் ஒன்பது செடிக்கு மேல் வைக்காதே. பூ எடுத்தால் கொண்டையைக் கிள்ளிவிடு, அப்போதுதான் இலைக்குச் சத்து இறங்கும். கீழிலையிலிருந்து ஒடித்து, காம்பில் நூல் கோத்து, நிழலில் தொங்கவிடு. ஒரு மாதமாகும். ஒரு டப்பாவுக்கு இரண்டு செடியே ஜாஸ்தி.

தகவல் வந்தால் உனக்கு எழுதமாட்டேனா?

உன் தம்பி.

மே 18

அன்புத் தம்பிக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை, சுகத்துக்குக் குறைவில்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

சுண்டுவுக்காகத்தான் வைத்தேன். அவன் நெட்டை போன்ற இலையைத்தான் டப்பாவில் வைத்துச் சுருட்டுவான். வீட்டை விட்டுப் போன அன்று அந்த டப்பாவை விட்டுவிட்டுப் போனான், பாதி இருந்தது. என் பெட்டியின் அடியில் பழைய துணிக்கு நடுவில் வைத்திருக்கிறேன். திரும்பி வந்தால் நிறைத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். எந்தத் தாயாவது பிள்ளைக்குப் புகையிலை வளர்ப்பாளா என்று நீ கேட்கலாம். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவன் புகைப்பது எனக்கு முதலிலிருந்தே தெரியும். ஒருநாள் மெத்தைக் கடை வாசலில் நின்று பிடித்துக்கொண்டிருந்தான். அவர் வருகிற நேரம். "இங்க நிக்காதடா, அப்பா பாத்தா தொலைஞ்ச, பின்னால போய்ப் பிடி" என்றேன். பின்னால் பஞ்சு மூட்டைகள் இருந்தன. நான் சொன்னதால்தான் தினம் அங்கே போனான். அவன் அணைக்காமல் போட்ட துண்டில்தான் பஞ்சு தீப்பிடித்தது. அவர் மூட்டையை இழுக்கக் கையைவிட்டதும், அவனை "வாசப்படி மிதிக்காத" என்றதும் எல்லாம் அதற்குப் பிறகுதான். பின்னால் போகச் சொன்னது நான் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. பதினேழு மாதமாக இதை விழுங்கிக்கொண்டு அவருக்குத் துணி துவைத்துப் போடுகிறேன்.

செடி ஒன்பதும் பிடித்துக்கொண்டன. ஏழு நன்றாக இருக்கின்றன. பின்கதவோரம் நிற்கிற இரண்டில் மட்டும் இலை ஒரு மாதிரியாக இருக்கிறது. வெளிர்ப்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத்திட்டாக, ஓரம் சுருங்கி. ஓர் இலையை வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல். நான் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுத்தான் தொடுகிறேன்.

உன் அக்கா.

மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

பிரித்ததுமே தெரிந்துவிட்டது. இது தேமல்தான், நூறு இலையில் இதை நான் கண்டுபிடிப்பேன். புகையிலை பட்ட கை தொட்டால்தான் இப்படி வரும். ஒன்பதில் இரண்டுக்கு மட்டும், அதுவும் பின்கதவோரத்தில் என்கிறாய். அப்படியானால் அந்தப் பக்கமாக யாரோ புகைக்கிறவர் வந்து தொட்டிருக்கிறார். ஒரு தடவை உரசிவிட்டுப் போனவர் இல்லை, இலையைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். கொத்தனார், குழாய் வேலைக்காரர் யாராவது வந்தார்களா? இரண்டையும் வேரோடு பிடுங்கி எரித்துவிடு. அந்தக் கையோடு மற்றதைத் தொடாதே.

பஞ்சு மூட்டை விஷயம் படித்தேன். நீ வேண்டுமென்று செய்யவில்லை அக்கா.

தபால் வண்டி வந்துவிட்டது.

உன் தம்பி.

ஜூன் 6

அன்புத் தம்பிக்கு,

உடம்பு எப்படி? எனக்கு இன்றைக்கு முழங்கால் வலி தெரியவில்லை.

கொத்தனாரும் இல்லை, குழாய்க்காரரும் இல்லை. இந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள்? நான் எட்டு மணிக்குச் சலவைக் கடைக்குப் போனால் ஐந்துக்குத்தான் திரும்புகிறேன். அவர் ஏழரைக்கே டப்பாச் சாப்பாடோடு மரக்கடைக்குப் போய்விடுகிறார். பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கிறது. பின்கதவை மட்டும் கைவிட்டுத் திறக்கலாம், தாழ்ப்பாளுக்கு எந்த இடுக்கில் கையை விட வேண்டும் என்று தெரிந்தவர் திறக்கலாம். தம்பி, அது யாருக்குத் தெரியும்?

உன் கடிதத்தைப் படித்ததும் கொல்லைக்கு ஓடினேன். கவிழ்த்து வைத்த வாளி அந்த இரண்டு செடிக்குப் பக்கத்தில் இருந்தது. நான் வைப்பது குழாயடியில். மண்ணில் யாரோ உட்கார்ந்து கால் நீட்டின தடம் இருந்தது. கீழிலைகளில் புழு இல்லை, எடுத்துப் போட்டிருக்கிறான். அம்மா எதற்கு இந்தச் செடி வைத்திருக்கிறாள் என்று பார்த்ததும் புரிந்திருக்கும்.

செடியைப் பிடுங்கமாட்டேன். நோய் என்று நீ சொல்கிறாய். என் பிள்ளை கை வைத்த செடி. மற்ற ஏழுக்கும் வந்தால் வரட்டும். தாழ்ப்பாளை இப்போது போடுவதில்லை. சமையலறை ஜன்னல் திண்டில் மூடி வைத்த தட்டில் ஏதாவது வைத்துவிட்டுப் போகிறேன். ஒருநாள் காலியாக இருந்தது, ஒருநாள் பூனை தின்ற மாதிரி இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பின்கதவுக்குப் பூட்டு வாங்கி வருவார்.

சந்தோஷமாக எழுதுகிறேன். எவ்வளவு நாளாயிற்று நான் இப்படி எழுதி.

உன் அக்கா.

ஜூலை 26

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள். கிடங்கில் வேலை தலைக்கு மேல். மழை வேறு விடாமல் பெய்தது. கூரை ஒழுகி நாற்பது இலைச் சிப்பம் நனைந்துவிட்டது, பிரித்துக் காயவைத்து மறுபடி கட்டினோம். ஈரம் பட்ட இலைக்குப் பூசணம் பிடித்தால் அப்புறம் உரத்துக்குத்தான் போகும். மேலாளர் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். இப்போது பரவாயில்லை.

தேமல் பற்றி நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் என்று தோன்றுகிறது. விதைப் பொட்டலத்திலேயே தூள் ஒட்டி வந்திருக்கலாம். எங்கள் கை எப்போதும் இலையில்தான் கிடக்கிறது, எவ்வளவு கழுவினாலும் போகாது. அதனால் யாரோ வந்து தொட்டார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். வாளி காற்றில் உருண்டிருக்கும். தட்டை வெளியே வைக்காதே, எலி சேரும்.

செடிகளைப் பிடுங்கிவிடு அக்கா. சொல்வதைக் கேள்.

உன் தம்பி.

ஆகஸ்ட் 5

தம்பிக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் இருப்பாய்.

காற்றில் உருளுகிற வாளி கவிழ்ந்து உட்காருமா? ‘சோப்புப் போட்டுக் கழுவு’ என்று எனக்குப் பாடம் எடுத்தவன், உன் கைத் தூள் எவ்வளவு கழுவினாலும் போகாது என்கிறாய். மழையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய்.

போன செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போவது போல் புறப்பட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து சமையலறையில் உட்கார்ந்தேன். ஜன்னல் கதவை ஒரு விரல் இடைவெளிக்குத் திறந்து வைத்துக்கொண்டேன். அவனைப் பார்த்ததும் கத்திவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டரை மணிக்குப் பின்கதவு திறந்தது.

உன் அத்தான்.

சாப்பாட்டு நேரத்துக்கு மரக்கடையிலிருந்து வந்திருக்கிறார். வாளியைக் கவிழ்த்து அந்த இரண்டு செடிக்கு நடுவில் உட்கார்ந்தார். சட்டைக்குள்ளிருந்து சுண்டுவின் டப்பாவை எடுத்தார். என் பெட்டியிலிருந்து எப்போது எடுத்தார் என்று தெரியாது. மடங்கின வலது கையால் தாளை முழங்காலில் அமுக்கிக்கொண்டு, இடது கையால் இலைத் தூளை வைத்துச் சுருட்டினார். பாதி கொட்டியது. கொட்டியதைப் பொறுக்கி மறுபடி வைத்தார். மூன்றாவது தடவையில் ஒரு மாதிரி வந்தது. பற்றவைத்து இழுத்ததும் இருமல். இந்த மனிதருக்குப் புகைக்கவே தெரியாது தம்பி. ஆனாலும் அணைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு, புகை போகிற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் புழு எடுத்தார். அழுதாரா என்று தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. நான் வெளியே போகவில்லை.

போகுமுன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார், பிறகு மடித்தார். பிரித்தார், மடித்தார். அதை டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைச் செங்கல் இடுக்கில் சொருகிவிட்டுப் போனார். எடுத்துப் பார்த்தேன். நீ மார்ச்சில் அனுப்பிய விதைப் பொட்டலம். அதைப் பிரிக்கும்போது நான் கவனிக்கவில்லை. மூலையை உள்ளே தள்ளி, மேல் மடிப்பை அதற்குள் நுழைத்து, ஊசி நூல் இல்லாமல் நிற்கிற மடிப்பு. மெத்தை உறை தைக்குமுன் மூலையைப் பிடிக்க அவர் மடிக்கிற மடிப்பு. உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் அது வரும். அவர் கண்ணில் அது என்றைக்கோ பட்டிருக்கிறது.

சாயங்காலம் "மத்தியானம் சாப்ட்டீங்களா?" என்று கேட்டேன். "ம்" என்றார். "எங்க?" என்றேன். "வேலை எடத்துலதான்" என்றார்.

உன் அறையில் தங்கியிருக்கிறவன், உப்புப் போட மறக்கிறவன். என் பிள்ளை இங்கே வந்து போகிறான் என்று பைத்தியம் போல் எழுதினேனே, அன்றைக்கு அவன் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தானா? சாப்பிட்டுக்கொண்டிருந்தானா? நான் பூனைக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

பதில் எழுது. மழையைப் பற்றி எழுதாதே.

அக்கா.

ஆகஸ்ட் 15

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

அவன் இங்கேதான் இருந்தான். வீட்டை விட்டுப் போன மூன்றாம் மாதம் என்னிடம் வந்தான். கிடங்கில் சிப்பம் கட்டுகிற வேலைக்குச் சேர்த்துவிட்டேன். வந்த அன்றே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். "அம்மாவுக்கு ஒரு வரி எழுதினாலும் இங்கேருந்தும் போயிடுவேன் மாமா" என்றான். செய்வான் என்று எனக்குத் தெரியும், அவன் உன் பிள்ளை. கண் முன்னால் இருக்கட்டும், மெதுவாகப் பேசிச் சரிக்கட்டலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். நீ அனுப்பிய தேமல் இலையைப் பார்த்ததும் தொழில் புத்தி முந்திக்கொண்டது. யார் படிக்கிறார்கள் என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன். உன் ஜூன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. அவன் கேட்டான், வயிறு சரியில்லை என்றேன்.

அவன் இங்கே வந்ததிலிருந்து நான் கவனித்த ஒன்று. இலைக் கிடங்கில் வேலை, சுற்றி அத்தனை பேரும் பிடிக்கிறார்கள். அவன் தீப்பிடித்த நாளிலிருந்து புகையைத் தொடவே இல்லை. நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். பின்பக்கம் போகச் சொன்னது நீ என்பதையும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட, நீ மே மாதம் எழுதிய பிறகு நானாகக் கேட்டபோதுதான் "அதெல்லாம் இப்ப எதுக்கு மாமா" என்றான். அத்தான் கத்தின அன்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் பாதி அடி உன் மேல் விழுந்திருக்கும். அவன் சொல்லவில்லை.

உன் கடிதம் வந்ததும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இதைக் கேட்டால் கல்லும் கரையும், இவன் நாளைக்கே புறப்படுவான் என்று நினைத்தேன். அவனை உட்காரவைத்து முழுக்க வாசித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவான் என்றுதான் அக்கா வாசித்தேன். அவன் முகம் செத்துப்போய்விட்டது. "எந்தக் கையால சுருட்டினாரு?" என்று கேட்டான். சொன்னேன். "அப்பாவுக்குப் பிடிக்கத் தெரியாதே" என்றான். படுக்கையை மூலை பிடித்து மடித்து வைத்தான்.

நேற்றுக் காலையில் நான் வேலைக்குக் கூப்பிட்டபோது அறையில் இல்லை. பை இல்லை. உன்னிடம்தான் புறப்பட்டிருக்கிறான் என்று என் மனசு சொல்கிறது. ரயிலில் இரண்டு நாள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவன் வந்து சேர்ந்திருப்பான். வந்துவிட்டானா? ஒரே ஒரு வரி எழுது.

தம்பி.

ஆகஸ்ட் 28

தம்பிக்கு,

வரவில்லை. பின்கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

அக்கா.

டிசம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

உன் மூன்று கடிதமும் வந்தன. ஸ்டேஷன், சத்திரம், பக்கத்து ஊர்க் கிடங்குகள் எல்லாம் அலைந்து தேடியதாக எழுதியிருந்தாய். இருமலோடு அலையாதே. நான் பதில் எழுதாதது முதலில் கோபத்தால்தான். பிறகு கோபம் போய்விட்டது, எழுத விஷயம்தான் இல்லை. அவன் இங்கே வரவில்லை, எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. உன்னிடமாவது இருந்தானே, அந்தப் பத்துப் பதினைந்து மாதம் சாப்பிட்டான், தூங்கினான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அதற்கு உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். இப்போது முடியவில்லை, இன்னொரு நாள் சொல்கிறேன்.

உன் ஆகஸ்டு மாதக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடி உடைந்திருந்ததால் நான்தான் வாசிக்க வேண்டியிருந்தது. பின்பக்கம் போகச் சொன்னது நான் என்ற இடத்தையும் விடாமல் வாசித்தேன். வாசித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன். அவர் மடங்கின விரல்களை இடது கையால் நிமிர்த்திப் பார்த்தார். பிறகு, "அவன் பின்னால போறதை நானும் பாத்திருக்கேன். பாக்காத மாதிரி இருந்துட்டேன்" என்றார். இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஒரே விஷயத்தை மறைத்திருக்கிறோம். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

பழைய செடிகளை அவரே பிடுங்கி எரித்தார். நீ எழுதியிருந்தபடி அந்த இடத்து மண்ணை ஒரு முழம் வெட்டி வெளியே கொட்டினார், ஒரு கையால்தான், நாலு நாள் ஆயிற்று. பொட்டலத்தில் மிச்சமிருந்த விதையைத் தூவினார். பொட்டலத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார். கட்டை விதை இருக்கிறதே, அது காரமாயிற்றே, பூச்சி வராதே என்றேன். "அவனுக்கு நெட்டைதான" என்றார். நீ சொன்ன மூன்று வகையும் அவருக்கு இப்போது மனப்பாடம்.

நடவு முடிந்த அன்று டப்பாவை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

"இத நீயே வச்சுக்க. எனக்கு இனிமே வேணாம்."

"ஏன்?"

"என் கை சுத்தமா இருந்தாத்தான் தெரியும்."

"என்ன தெரியும்?"

"தேமல் வந்துச்சுன்னா, அவன் வந்துட்டுப் போயிருக்கான்னு."

அன்றிலிருந்து தினமும் காலையில் மரக்கடைக்குப் புறப்படுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். மடங்கின விரல்களுக்குள் சோப்புப் போகாது என்று ஒரு குச்சியில் துணி சுற்றி உள்ளே விட்டுத் தேய்க்கிறார். பிறகு பின்கதவோரத்துச் செடியிலிருந்து தொடங்கி ஒன்பது செடியையும் இலை இலையாகத் திருப்பிப் பார்க்கிறார். பார்த்துவிட்டு உள்ளே வந்து, "இன்னிக்கும் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போகிறார். செடிகள் இடுப்புக்கு மேல் வந்துவிட்டன. இலைகள் பச்சைப் பசேலென்று அகலமாக, ஒரு புள்ளி இல்லாமல் நிற்கின்றன. நீ பார்த்தால் முதல் தரம் என்று தனியாகக் கட்டி வைப்பாய்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் நான் அவருக்கு வாசிக்கவில்லை. தீப்பிடித்த நாளிலிருந்து அவன் புகையைத் தொடவே இல்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரி. கடிதத்தையும் அடுப்பில் போட்டுவிட்டேன். நீ எழுதும்போது மறந்தும் அதை எழுதிவிடாதே. அவருக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, கடிதங்களை இப்போது அவரே வாங்கிப் பிரிக்கிறார்.

இருமலுக்கு டாக்டரைப் பார்.

உன் அக்கா.